ஓநாய்க்கு ஒரு மூலை

தொலைபேசியில் முதலில் சிரித்துவிட்டேன்.
"பியானோவைக் கலைக்க வேண்டும்," என்றான் தாலிவால்டிஸ்,
"ஆனால் துல்லியமாக."

இருபத்தாறு வருடமாக லியெபாயாவில்
பள்ளிக்கூடம், தேவாலயம், மாலுமிகள் விடுதி என்று
முறுக்காணி திருகிப் பிழைக்கிறேன்.
கடற்காற்று ஓயாத ஊர்.
ஈரம் ஏறினால் பலகை உப்பும்,
பலகை உப்பினால் என் வீட்டில் உலை கொதிக்கும்.

சுருதி சேர்க்கிறவள் என்று நினைக்கிறார்கள்.
நான் செய்வது பாகப்பிரிவினை.
பிறவியிலேயே ஒரு பிழை இருக்கிறது:
பன்னிரண்டு பஞ்சமங்களை அடுக்கிக்கொண்டே போனால்
புறப்பட்ட வாசலில் நிற்காமல்
ஒரு மயிரிழை தாண்டிப் போய் நிற்கும்.
அந்த மயிரிழையைப் பன்னிரண்டாய் நறுக்கி
ஆளுக்கொரு துண்டு கொடுத்து
யாரும் வாய் திறக்காமல் பார்த்துக்கொள்வேன்.
ஒன்றும் சுத்தமில்லை.
ஒன்றும் அழுவதுமில்லை.

பிப்ரவரியில் வந்தான், கிரீஸ் படிந்த ஒரு தாளோடு.
டிராம் பணிமனையில் சக்கரம் பார்க்கிறவன்.
பாலத்துக்கு முந்தின வளைவில் தண்டவாளம் கீச்சிடுமே,
அது வேண்டுமாம்.
"ஏழாவது மேற்சுரம். உங்கள் கட்டை
அதற்குப் பக்கத்து வீட்டில் இருக்கிறது,
கொஞ்சம் உயரத்தில்."

இறக்கினால் மீதிப் பிழை எங்கே போகும் என்றேன்.
"ஒரு மூலையில் சேரும். சேரட்டும்."

எங்கள் தொழிலில் அதன் பேர் ஓநாய்.
மற்றவர்களையெல்லாம் சுத்தமாக விட்டால்
ஏதோ இரண்டு கட்டைகளுக்கு நடுவில்
அது தனியாக ஊளையிடும்.

பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் இரண்டு இரவு.
ரப்பர் பந்து வாசம்.
ஒன்பது மணிக்கு ஸ்கைட்ரீதே கணப்பை அணைத்துவிட்டுப் போவாள்.
நாலு மணிக்கு ஒரு கம்பி அறுந்து
மணிக்கட்டைக் கீறியது.
இரண்டு சுரம் கிட்டே வரும்போது ஒரு அலை எழும்,
கேட்டிருப்பீர்கள், வாவ் வாவ் என்று.
மெதுவாகும். இன்னும் மெதுவாகும்.
அது நிற்பதற்குச் சற்று முன்னால்
கையை எடுத்துவிடுவதுதான் என் பழக்கம்.
அன்று எடுக்கவில்லை.
நின்றது.
கம்பி அதிர்ந்துகொண்டுதான் இருந்தது,
ஆனால் உள்ளே யாரோ உட்கார்ந்துவிட்டாற்போல்
அசைவே இல்லை.
கோட்டைப் போட்டுக்கொண்டு
கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.

கச்சேரிக்குப் பத்தொன்பது பேர்.
அதில் நாலு பேர் சீருடை கழற்றாத டிராம் ஓட்டுநர்கள்.
மிர்ட்ஸா முதல் கட்டையைத் தொட்டதும்
மருந்துக்கடைக்காரர் திரும்பி என்னைப் பார்த்தார்,
கடன் பாக்கி வைத்தவளைப் பார்ப்பதுபோல.
எனக்குக் காது சுட்டது.
அவரை எழுப்பி நிறுத்தி
இது என் கைப்பிழை அல்ல, கைவேலை
என்று சொல்லத் தோன்றியது.
அதற்குள் வளைவு வந்துவிட்டது.
முன்வரிசை ஓட்டுநரின் வலது கால்
தரையில் தானாக அழுந்தியது.

ஓநாய் இருக்கும் இடத்தில்
தாளில் சிவப்பு வட்டம்: தொடாதே.
கைகள் அதைச் சுற்றிச் சுற்றித்தான் போக வேண்டும்.
மிர்ட்ஸா தொட்டாள்.
கை தவறியா, வேண்டுமென்றா,
இன்றுவரை வாய் திறக்கவில்லை.
கூடைப்பந்து வளையம் சுவரில் கிணுகிணுத்தது.
தாலிவால்டிஸ் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.
தோள் குலுங்கியது. அழுகையா, சிரிப்பா,
பின்வரிசையிலிருந்து தெரியவில்லை.

திங்கள் காலைப் பாட்டுக்கு முன்
எல்லாவற்றையும் பழையபடி பங்கு போட்டேன்.
கலைத்ததற்கும் கூலி, சேர்த்ததற்கும் கூலி.

வியாழக்கிழமை ஸ்கைட்ரீதே கூப்பிட்டாள்:
"அந்தக் கட்டை மறுபடி இறங்கியிருக்கிறது.
பிள்ளைகளும் கூடவே இறங்குகிறார்கள்."
இரும்புக்கு அவ்வளவு சீக்கிரம் மறக்காது.
வருகிறேன் என்றேன்.

டிராமில்தான் போனேன்.
பாலத்துக்கு முந்தின வளைவில்
ஜன்னலில் காதை வைத்து அளந்தேன்.
தாலிவால்டிஸின் கணக்கு தப்பு.
டிராம் பாடுவது
ஒரு மயிரிழை மேலே.

அவனிடம் இன்னும் சொல்லவில்லை.